ஆலமரத்துக்கு வலப்புறம்

போன மாதம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"எஸ்தர் அக்கா, ஆபீஸ்ல புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கோம். மைதானத்தோட படத்த உள்ள போட்டா போதும், அதுவே ஆயிரக்கணக்குல தட்டு வீசிப் பாத்துட்டு, இந்தக் கூடைல திறம எவ்வளவு, லக் எவ்வளவுன்னு சொல்லிருது. இனிமே வெயில்ல நின்னு கொடி நட வேண்டியதே இல்ல லா."

"அதுக்குச் சாமி பயம் இருக்காமா?"

"எதுக்கு?"

"உன் சாஃப்ட்வேருக்கு. சாமி பயம் இருக்கான்னு கேக்கறேன்."

பிள்ளை பயந்துவிட்டாள். வயதாகிவிட்டதல்லவா, அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். மேருவில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம் போவதற்குள் மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் சொன்னால் நடுவில் யாரும் போனை வைக்க முடியாது பாருங்கள்.

நான் டிஸ்க் கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்தவள். இதைச் சொன்னால் நம் ஆட்கள் முதலில் என் முகத்தையும் பிறகு என் வீட்டுக்காரர் முகத்தையும் பார்ப்பார்கள். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கோல்ஃபில் பந்தைக் குழியில் தள்ளுகிறார்கள். இதில் பிளாஸ்டிக் தட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். எறிமேடையிலிருந்து முதல் வீச்சு, தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு, இப்படியே கூடை வரைக்கும். குறைந்த வீச்சில் பதினெட்டுக் கூடைகளையும் முடிப்பவருக்கே வெற்றி. எறிமேடை எங்கே, கூடை எங்கே, நடுவில் எந்த மரத்தை விட்டுவைப்பது என்று முடிவு செய்வதுதான் என் வேலை. அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறார்களா என்று என் மாமியார் கடைசிவரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார்.

செந்தூலில் ரயில்வே குடும்பத்தில் பிறந்து, படம் வரையப் படித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த நிலவடிவமைப்புக் கம்பெனியில் சேர்ந்தேன். பூங்கா, நடைபாதை, ரவுண்டபௌட்டில் பூச்செடி என்று பல வருடம் வரைந்தேன். கீழே மீன் பொரித்தால் மேலே என் வரைபடம் மணக்கும். பிறகு ஒரு வாடிக்கையாளர் வெளிநாட்டில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, தன் வீடமைப்புப் பகுதியில் இந்த விளையாட்டு வேண்டும் என்றார். ஆபீஸில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது. "முடியும்" என்று உடனே சொன்னவர் எங்கள் முதலாளி ஜமால். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். சொல்லிவிட்டுப் பிறகு கற்றுக்கொள்வார்.

ஜமால் பாஸின் வாப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து கிள்ளானுக்குத் துணி வியாபாரம் செய்ய வந்தவர். பாஸும் துணிக்கடையிலேயே வளர்ந்தவர். மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "ரொம்ப சந்தோஷம்" என்பார், அவ்வளவுதான். லோரி டிரைவர் ஒரு முறை புதுப் புல்தரை மேலேயே ரிவர்ஸ் எடுத்துச் சேறாக்கிவிட்டான். பாஸ் போய் நின்று பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றார். அன்றைக்கு அவன் மத்தியானச் சாப்பாடே சாப்பிடவில்லை.

ஒரு கூடையில் ஜெயிக்க வைப்பது திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். நாங்கள் அதைக் கொடிச் சோதனை என்போம். வெளி ஆட்டக்காரர்களை மைதானம் திறக்கும் முன்னால் உள்ளே விடவே மாட்டார். முன்கூட்டியே பழகிக்கொள்வார்கள், அது மற்றவர்களுக்கு அநியாயம் என்பது அவர் கட்சி. அதனால் எங்கள் தோட்டவேலை ஆட்களே வீசிப் பழகினார்கள். முருகையா அசல் ஆட்டக்காரன் ஆகிவிட்டான், அவன் தட்டு வீசினால் அப்படியே மிதந்து போகும். சேகர் சுமார். நர்சரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தனம் அக்காவுக்கு வீசத் தெரியாது, ஆனால் வீசுவதில் அவ்வளவு ஆசை. நன்றாக வீசுகிறவன், சுமாராக வீசுகிறவன், வீசவே தெரியாதவர் என்று மூன்று ரகமும் வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

மூவரும் மாறிமாறி வீசுவார்கள். முருகையா தட்டு விழுந்த இடத்தில் சிவப்புக் கொடி, சேகருக்கு மஞ்சள், தனம் அக்காவுக்கு வெள்ளை. கொடி நடுவது நான். எல்லாம் முடிந்தபின் பார்த்தால், கூடைக்கு அருகில் சிவப்பு, அதற்குப் பின்னால் மஞ்சள், கடைசியில் வெள்ளை என்று நிற்க வேண்டும். அப்படி நின்றால் அங்கே திறமைக்கு மரியாதை இருக்கிறது என்று அர்த்தம். நிறங்கள் கலந்து கிடந்தால், "கலர் கலந்தா லாட்டரி" என்பார் பாஸ். மறுபடி வரைய வேண்டியதுதான்.

இதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைப் போட்டு, வீசுகிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டு விழும் புல்லைப் பார்த்தபடிதான் உட்காருவார். பக்கத்தில் தே ஓ இருக்கும், பாலும் சீனியும் போடாத தேநீர். நான் திரும்பி முருகையாவைப் பார்த்தால் விரலைச் சொடுக்குவார்.

"எஸ்தர், ஆளப் பாக்காத. ஆளப் பாத்தா நம்ம மனசு பேச ஆரம்பிச்சிரும். இவன் நல்லவன், இவன் பாவம்னு. தட்டு விழுற எடத்தப் பாரு. அங்கதான் மைதானம் பேசும்."

செலாயாங்கில் இந்த முறை எங்களைக் காப்பாற்றியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு மேட்டின் உச்சியில் கூடையை வைத்திருந்தோம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கூடைக்குப் பக்கத்தில் போய் விழுகிற நல்ல தட்டெல்லாம் விளிம்பில் எழுந்து நின்று, சக்கரம் மாதிரி உருண்டு கீழே போய்விடும். தனம் அக்கா வீசியது பாதியிலேயே சொத்தென்று விழுந்து அங்கேயே பத்திரமாகக் கிடக்கும். பக்கத்துச் சந்தையில் வேலை முடிந்து போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று, தட்டு உருளும்போதெல்லாம் கைதட்டினார்கள். கொடிகளைப் பார்த்தால் வெள்ளை மேலே, சிவப்பு கீழே. தனம் அக்கா, "பாஸ், இந்தக் கூடைய மாத்திறாதீங்க, இதுல நான்தான் சாம்பியன்" என்று கெஞ்சினார். பாஸ் சிரிக்காமல் கூடையைச் சமதரைக்கு இறக்கினார். இரண்டு நாள் அக்கா அவரோடு பேசவில்லை.

மேருவுக்கு வருகிறேன். தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில் பழைய எஸ்டேட் நிலத்தில் எழும்பிய வீடமைப்புப் பகுதி அது. பாஸ் என்னைக் கூப்பிட்டு, "இது உன்னோடது. நான் கை வைக்க மாட்டேன். போர்டுல உன் பேரு" என்றார். அதுவரை எத்தனையோ மைதானங்களை வரைந்திருக்கிறேன், எல்லாவற்றிலும் கம்பெனி பெயர்தான் இருக்கும். வாசலில் போர்டு மாட்டிய அன்று, "வடிவமைப்பு: எஸ்தர்" என்று என் பெயர் மூன்று மொழியிலும் இருந்தது. வீட்டுக்காரரை அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் தமிழில் படித்துவிட்டு, மலாயிலும் படித்துவிட்டு, "ஸ்பெல்லிங் சரியா இருக்கு" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. நான் காரில் வரும்போது அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அந்த மைதானத்தின் ஆறாவது கூடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எறிமேடையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் ஒரு பெரிய ஆலமரம், விழுதுகள் தொங்கும். மரத்தடியில் எஸ்டேட் காலத்திலிருந்தே ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில், தகரக்கூரை, முன்னால் ஒரு சூலம். மரத்துக்கு அப்பால் தரை கொஞ்சம் மேடேறி இறங்கும். இறங்கிய இடத்தில் கூடை, அதற்கு இடப்பக்கம் மழைநீர் ஓடும் பெரிய லொங்காங். மரத்தை உரசாமல், அதன் வலப்பக்க ஓரமாக நேரே ஒரு வீச்சு. இதுதான் நான் வரைந்த கோடு. கொடிச் சோதனையும் செய்தோம். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று வரிசை கட்டி நின்றது. பாஸ் முக்காலியை விட்டு எழுந்து வந்து கைகொடுத்தார்.

முதல் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளான் லிம் அதில் விளையாடினார். லிம் சீனர், ஆனால் காப்பாரில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார், திட்டுவதற்குத் தமிழைத்தான் நம்புவார். சாதாரண ஆட்டக்காரர் அல்ல, கை நேர்த்தி உள்ளவர். ஆறாவதில் அவர் வீசிய தட்டு நேராகப் போய் ஒரு விழுதில் பட்டு, டொக்கென்று திரும்பி லொங்காங்கில் விழுந்தது. அடுத்து வந்தவர் பாதி தூரம் கூட ஒழுங்காக வீசத் தெரியாதவர். அவர் தட்டும் விழுதில் பட்டது. அது துள்ளிக் குதித்து மேட்டில் ஏறி, வழுக்கிக்கொண்டு இறங்கி, கூடைக்கு அடியில் போய்ச் சமத்தாக உட்கார்ந்தது.

"இது என்ன கூடையா, நாலு நம்பர் லாட்டரிக் கடையா?" லிம் கத்தியது அடுத்த கூடை வரைக்கும் கேட்டது. "நான் எதுக்குப் பிராக்டிஸ் பண்ணணும்? வீட்டுல படுத்துத் தூங்கிட்டு, வந்து நம்பர் எடுத்துட்டுப் போயிருக்கலாமே!"

தட்டு உட்கார்ந்தவர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. லிம் அவர் சட்டையைப் பிடித்தார், இன்னும் இரண்டு பேர் லிம் சட்டையைப் பிடித்தார்கள். குழந்தைகளோடு நடக்க வந்த குடியிருப்பாளர்கள் எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அன்றைக்கு முழுக்க ஆறாவதில் இதே கதைதான். நல்ல வீச்சு லொங்காங்குக்கு, கெட்ட வீச்சு கூடைக்கு.

திங்கட்கிழமை அந்த இடத்தின் நிர்வாகி புவான் ரொஹானா எங்களைக் கூப்பிட்டார். நியாயமான பெண்மணி, கத்தவெல்லாம் இல்லை. அடுத்த மாதம் இன்னொரு போட்டி இருக்கிறது, அதிலும் சண்டை வந்தால் பதினெட்டுக் கூடைகளையும் பிடுங்கிவிட்டு நிலத்தைக் கார் நிறுத்துமிடமாக்கப் போகிறோம் என்றார். குடியிருப்பாளர்கள் ஏற்கெனவே அதைத்தான் கேட்கிறார்களாம். வெளியே வரும்போது வாசல் போர்டில் என் பெயரைப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்துக்கு யாரும் வடிவமைத்தவர் பெயரைப் போடுவதில்லை.

காரில் பாஸ் சொன்னார்: "ஆறாவதத் தூக்கி அந்தப் பக்கம் திறந்த புல்வெளியில போட்ரு. மரமும் இல்ல, மேடும் இல்ல. யாரும் சண்ட போட மாட்டாங்க."

"பாஸ், புல்வெளியில போட்டா எல்லாரும் மூணு வீச்சுல முடிச்சிருவாங்க. தனம் அக்காவும் மூணு, லிம்மும் மூணு. அது வெளையாட்டா, வரிசையில நின்னு கஞ்சி வாங்கறதா?"

"சண்ட வராது."

"வராது. ஏன்னா யாருமே வர மாட்டாங்க!"

"ரொம்ப சந்தோஷம்" என்றார் பாஸ்.

எனக்குக் கோபம் வந்தால் நான் அவரைப் போல இல்லை, எனக்குச் சத்தம் வரும். என் பெயர் போட்ட மைதானம், நீங்கள் கை வைக்க மாட்டேன் என்றீர்கள், வைக்காதீர்கள் என்று கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்கக் கத்திக்கொண்டே வந்தேன். சுபாங் தாண்டியதும் அவர், "சரி, இன்னொரு தடவ சோதன. கலர் கலந்தா புல்வெளி" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி கொடிகளோடு போனோம். பாஸ் முக்காலியில், நான் மேட்டுக்கு இந்தப் பக்கம் கூடையருகே. எறிமேடையிலிருந்து "ஓய்!" என்று குரல் வரும், நான் தலையை மூடிக்கொண்டு குனிவேன், தட்டு வந்து விழும், கொடி நடுவேன். முதுகில் ஒரு முறை பட்டவள் பிறகு எந்தத் தட்டையும் அண்ணாந்து பார்க்க மாட்டாள். முடிவில் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், வெள்ளை. சர்ச்சில் கொயர் நிற்பது போல் அவ்வளவு ஒழுங்கு.

பாஸ் தலையைச் சொறிந்தார். "மைதானத்துல ஒரு குறையும் இல்லையே. ஆளுங்கதான் சரியில்ல போல."

"அப்ப அன்னைக்கு லொங்காங்ல விழுந்ததெல்லாம்?"

"அதான் எனக்கும் புரியல." கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "வந்து பேசுவோம்" என்று பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

நான் அங்கே நின்றேன். ஒரே மரம், ஒரே கூடை. எங்கள் ஆட்கள் வீசினால் திறமை, மற்றவர்கள் வீசினால் லாட்டரி. எனக்கு எரிச்சலான எரிச்சல். அந்தச் சிவப்பு முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேட்டின் உச்சிக்குப் போனேன். கூடைக்கு முதுகைக் காட்டி, எறிமேடையைப் பார்த்துப் போட்டு, உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்த முக்காலி அந்தத் திசையைப் பார்த்ததே இல்லை.

"முருகையா, வீசு!"

முருகையா எறிமேடைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஆலமரத்தின் பக்கம் பார்த்து விரலால் நெஞ்சைத் தொட்டான். பிறகு உடம்பை நன்றாக வலப்பக்கம் திருப்பினான். கூடை இருக்கும் திசைக்கும் அவன் நிற்கும் திசைக்கும் சம்பந்தமே இல்லை. வீசினான். தட்டு மரத்தை விட்டு எங்கேயோ தள்ளி, வெட்டவெளியில் பெரிய வட்டம் அடித்து, கடைசியில் இடப்பக்கம் வளைந்து வந்து கூடைக்கருகே இறங்கியது. எங்கள் ஆட்களைப் போல் வலது கையைக் குறுக்கே இழுத்து வீசினால், தட்டு கடைசியில் இடப்பக்கம் சாய்ந்துதான் விழும். அதனால் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்த எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்து சேகர். தொப்பி இல்லை, ஆனால் அதே வலப்பக்கம், அதே வட்டம். தனம் அக்கா செருப்பையே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீசினார்.

நான் மேட்டிலிருந்து ஓடினேன். என் முட்டிக்கு அதெல்லாம் ஆகாது, ஆனாலும் ஓடினேன்.

"முருகையா! ஏன் அப்படிச் சுத்தி வீசற?"

"எப்படி மேடம்?"

"வலப்பக்கமா! கூடை நேரா இருக்கு, நீ கிள்ளானுக்கு வீசற!"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பின்ன எப்படி மேடம் வீசறது? அங்க முனீஸ்வரர் இருக்காரு. அவரு மூஞ்சிக்கு நேரா தட்ட வீசச் சொல்றீங்களா?"

"ஐயோ! இத்தன நாளா ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலையே. கூடைக்கு வீசுன்னீங்க, வீசினோம்."

சேகரைப் பார்த்தேன், தனம் அக்காவைப் பார்த்தேன். மூன்று பேரும் இதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாதாம். பேச என்ன இருக்கிறது? தனம் அக்கா, "நீங்களும் அப்படித்தான் வரைஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்மா" என்றார். நான் புல்லிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நான் மெதடிஸ்ட் சபை, பாஸ் முஸ்லிம். எங்கள் வரைபடத்தில் அந்தக் கோயில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் 'இடம் விடவும்' என்று எழுதியிருக்கும். நாங்களும் மரியாதையாக இடம் விட்டிருந்தோம். அவர்களுக்கோ அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பார்த்துக்கொண்டும் இருக்கிறார். நாங்கள் திறமை என்று கொடி நட்டு அளந்ததில் பாதி, பக்தி.

"சரி, ஒரே ஒரு தடவ நேரா வீசிக் காட்டு" என்றேன் முருகையாவிடம்.

"வேற ஏதாச்சும் வேல இருந்தா சொல்லுங்க மேடம்."

அவன் வீச மாட்டான். சேகர் திடீரென்று லோரியில் எதையோ தேடப் போய்விட்டான். நானே தட்டுகளை எடுத்தேன். மரத்தைப் பார்த்து மனதுக்குள் ஒரு சாரி சொல்லிக்கொண்டேன், எந்தச் சபையாக இருந்தால் என்ன, மரியாதை மரியாதைதானே. ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வீசினேன். ஒன்று விழுதில் பட்டு லொங்காங்கில் விழுந்தது. ஒன்று அதே விழுதில் பட்டுக் கூடைக்கு அடியில் போய் நின்றது. ஒன்று என்னிடமே திரும்பி வந்தது. கூரை மேல் எதுவும் விழவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். லிம் கத்தியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நான் வரைந்த கோடு நாலு நம்பர் கடைதான்.

பாஸ் பள்ளிவாசலிலிருந்து வந்தார். முதலில் முக்காலியைத்தான் பார்த்தார், அது திரும்பியிருப்பதை. பிறகு லொங்காங் ஓரத்தில் என் தட்டுகள் கிடப்பதை. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் மெதுவாக நடந்து போய், நான் திருப்பிப் போட்டபடியே முக்காலியில் உட்கார்ந்தார்.

"முருகையா, ஒன்னு வீசுப்பா."

தொப்பி கக்கத்துக்குப் போனது, விரல் நெஞ்சுக்குப் போனது. வீசினான். பாஸ் தட்டைப் பார்க்கவே இல்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார். எனக்கு இது எந்தச் சந்தோஷம் என்று தெரியவில்லை. பிறகு அவர் தோள் குலுங்கியது. மனிதர் சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "எத்தன மைதானத்துல நான் இப்படி முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனோ, எஸ்தர்!"

"பாஸ், புல்வெளி வேணாம். இவங்க போற வழியையே சட்டமாக்கிருவோம். தட்டு ஆலமரத்துக்கு வலப்புறமாத்தான் போகணும். இடப்புறம் போனா ஒரு வீச்சு அபராதம், குறிச்ச எடத்துலேர்ந்து மறுபடி வீசணும். எறிமேடையையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுருவோம், விழுது குறுக்க வராது. அந்த வளைவு போடத் தெரிஞ்சவன் பொழச்சான், தெரியாதவன் நல்லா வெட்டவெளியில கெடப்பான். யாருக்கும் மரம் லாட்டரிச் சீட்டு எழுதிக் குடுக்காது."

அவர் சம்மதித்தார். எறிமேடையை இடித்து வலப்பக்கம் கட்டினோம். மரத்துக்குச் சற்று முன்னால் அம்புக்குறி போட்ட மஞ்சள் பலகை வைத்தோம். கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் சந்தோஷம், ஒருவர் எங்களுக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அபராதம் என்றால் சண்டைக்கு இன்னொரு காரணம் அல்லவா? தட்டு இடப்பக்கம் போனதா வலப்பக்கம் போனதா என்று சட்டையைப் பிடித்தால்? புவான் ரொஹானா மறுபடி கூப்பிடவே மாட்டார், நேராக லோரிதான் வரும்.

இரண்டாவது போட்டி அன்று காலையில் லிம் பலகையைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தார்.

"போர்டு வச்சா லக் போயிருமா அக்கா?"

"வீசிப் பாருங்க லிம். அப்பறம் பேசுங்க."

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் மழை மேருவை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டது. முன்னால் போன குழுக்கள் எல்லாம் ஆறாவதைச் சத்தமில்லாமல் கடந்தன. கடைசிக் குழு ஏழாவதில் தொடங்கி, சுற்றி வந்து ஆறாவதில் முடிக்கும்படிதான் அன்று ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. அந்தக் குழு வந்து நின்றபோது லிம் ஒரு வீச்சு முன்னணியில் இருந்தார். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் ஒரு கல்லூரி விரிவுரையாளர், அதிகம் பேசாதவர். வேலி ஓரம் குடியிருப்பாளர்கள் போனும் கையுமாக நின்றார்கள். புவான் ரொஹானாவும் வந்திருந்தார். ஜமால் பாஸ் என் பக்கத்தில் நின்றார். முக்காலியைக் கொண்டுவரவில்லை.

விரிவுரையாளர் முதலில் வீசினார். முருகையா அளவுக்கு இல்லை என்றாலும் அழகான வளைவு, வலப்புறமாகப் போய்ச் சுற்றிக் கூடைக்குப் பக்கத்தில் இறங்கியது. லிம் வந்து நின்றார். அவருக்கும் அதே வளைவு போதும், ஜெயித்துவிடலாம். ஆனால் கூடைக்கு இன்னும் கிட்டே போட்டுக் கதையை முடித்துவிட வேண்டும் என்ற ஆசை. மரத்தை உரசிக்கொண்டு வீசினார். தட்டு கையை விட்டுப் போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கொஞ்சம் சீக்கிரம் இழுத்துவிட்டார். தட்டு ஆலமரத்துக்கு இடப்புறம் போனது.

எல்லாரும் லிம்மைப் பார்த்தார்கள். பார்த்துச் சொல்லவேண்டிய நடுவர் சிவப்புக் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தூக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறார். வேலி ஓரத்துப் போன்கள் உயர்ந்துவிட்டன. நான் பாஸின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும்.

லிம் தமிழில் ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுத முடியாத வார்த்தை. யாரைப் பார்த்தும் இல்லை, தன் வலது கையைப் பார்த்துச் சொன்னார். பிறகு நடுவர் கொடியைத் தூக்குவதற்குள் தானே கையைத் தூக்கினார். "இடப்பக்கம். நான் பாத்தேன். அபராதம் போடுங்க." குறித்த இடத்துக்கு நடந்து போய் மறுபடி வீசி முடித்தார். ஒரு வீச்சு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். விரிவுரையாளரிடம் போய்க் கைகொடுத்தார்.

பரிசெல்லாம் கொடுத்து முடிந்தது. புவான் ரொஹானா என்னிடம் வந்து நின்றார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்குச் சண்டை இல்லை, அது சரி. ஆனால் குடியிருப்பாளர் கூட்டம் நாளை மறுநாள், அவர்களிடம் தான் என்ன சொல்வது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே லிம் எங்களை நோக்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. சரிதான், சாவகாசமாகக் கத்தலாம் என்று பொறுத்திருந்தார் போல, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அக்கா."

"சொல்லுங்க லிம்."

"போன தடவ உங்க மரம் என்னைத் தோக்கடிச்சுச்சு. ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல."

"இந்தத் தடவ?"

"இந்தத் தடவ நானேதான் தோத்தேன்." வலது கையைத் தூக்கி, குற்றவாளியைக் காட்டுவது போல் காட்டினார். பிறகு புவான் ரொஹானாவின் பக்கம் திரும்பி, இவ்வளவையும் மலாயிலும் ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு, "நாளைக்கு இது தெறந்திருக்கும்தானே? அந்த ஆறாவத நான் மறுபடி வீசணும்" என்று கேட்டார்.

நான் புவான் ரொஹானாவைப் பார்த்தேன். வாசல் போர்டில் இருப்பது என் பெயர்தான், சாவி என்னிடம் இல்லையே. லிம் காத்துக்கொண்டு நின்றார், பாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புவான் ரொஹானா எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கைப்பையை மூடினார்.

"ஏழு மணிக்குக் கேட் திறப்பார்கள்" என்றார் லிம்மிடம். "சீக்கிரம் வாருங்கள். பிறகு வெயில் ஏறிவிடும்."